தொடையெலும்புக்குள் ஒரு கிரேன்

மூணு வருஷத்துக்கு முன்னாடி அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்க. "இடுப்பெலும்பு முறிஞ்சிருச்சு"ன்னுதான் எல்லாரும் சொன்னோம். உண்மையில முறிஞ்சது தொடையெலும்போட மேல்முனை. டாக்டர்கிட்ட நான் கேட்ட முதல் கேள்வி: "ஸ்டீலா, டைட்டானியமா சார்?" அது எவ்வளவு தப்பான கேள்வின்னு பிறகு படிச்சப்பதான் புரிஞ்சது.

கதை சூரிச் நகரத்துல, 1866-ல் ஆரம்பிக்குது. உடற்கூறியல் பேராசிரியர் ஹெர்மன் ஃபான் மேயர், தொடையெலும்பின் உள்ளே பஞ்சுபோல் இருக்கும் பகுதியைக் காட்டுகிறார். அதைப் பார்த்த கார்ல் குல்மன் மருத்துவர் இல்லை, நம்ம ஆள், சிவில் இன்ஜினியர். எலும்புக்குள் வளைந்தோடும் அந்த மெல்லிய இழைகள், வளைந்த கிரேன் ஒன்று எடை தூக்கும்போது அழுத்தமும் இழுவிசையும் ஓடும் கோடுகளைப் போலவே இருப்பதைக் கவனித்தார். சுமைக்கேற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜூலியஸ் வொல்ஃப் 1892-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

வயசாகி எலும்புப்புரை வந்தா இந்த இழைகள் ஒவ்வொன்றாக மறையும். 1970-ல் மன்மோகன் சிங் (பிரதமர் இல்லீங்க, டாக்டர்) தன் சகாக்களோடு, எக்ஸ்ரேயில் எந்த இழைகள் மிச்சமிருக்குன்னு பார்த்து எலும்பை 6 படிகளாகப் பிரித்தார். கடைசிவரை தாக்குப்பிடிப்பது, அழுத்தம் தாங்கும் முக்கிய இழைகள்.

இதுக்கும் ஸ்க்ரூவுக்கும் என்ன சம்பந்தம்? உளுத்துப்போன கதவு நிலையில எவ்வளவு ஒசத்தியான ஸ்க்ரூ போட்டாலும் நிக்காது, இல்லையா? 1931-ல் பாஸ்டனின் ஸ்மித்-பீட்டர்சன் தன் மூன்று இறக்கை ஆணியைப் பற்றி எழுதினார். பிறகு ஆணியையும் பிளேட்டையும் அசையாமல் இணைத்தார்கள். முறிந்த எலும்பு அமுங்கியது, ஆணி நகரவில்லை. விளைவு, சிலருக்கு ஆணி எலும்பின் தலையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. அதனால் வந்ததுதான் குழலுக்குள் சறுக்கும் ஸ்க்ரூ. எலும்பு அமுங்கினால் அதுவும் பின்வாங்கும்.

1995-ல் அமெரிக்காவில் பாம்கார்ட்னர் குழு 198 முறிவுகளை ஆராய்ந்தது. 16 பேருக்கு ஸ்க்ரூ எலும்பைக் கிழித்து வெளியேறியிருந்தது. ஸ்க்ரூ நுனியிலிருந்து எலும்புத் தலையின் உச்சிக்கு உள்ள தூரத்தை முன்பக்க, பக்கவாட்டு எக்ஸ்ரே இரண்டிலும் அளந்து கூட்டினார்கள். கூட்டுத்தொகை 25 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்த ஒருவருக்குக்கூட அப்படி ஆகவில்லை!

அதாவது, உலோகத்தைவிட நுனி எங்கே நிற்கிறது என்பதுதான் பெரிய விஷயம். முறிவு எங்கே என்பதும் முக்கியம். எலும்பின் கழுத்தில் முறிந்து விலகிவிட்டால் தலைக்கு ரத்தம் போவது தடைபடலாம். வயதானவர்களுக்கு அப்போது பெரும்பாலும் செயற்கைத் தலையே பொருத்துகிறார்கள். அம்மாவுக்குக் கழுத்துக்குக் கீழே முறிவு. உள்ளே ராடு வைத்து ஸ்க்ரூ போட்டார்கள், மறுநாளே வாக்கரோடு நிற்க வைத்தார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரே இன்னும் பீரோவுல இருக்கு. இப்ப அதைப் பார்க்கும்போது என் கண்ணு முதல்ல போறது அந்த ஸ்க்ரூ நுனிக்குத்தான்.