வேலைத்தலத்திலேயே நோய்ப் பரிசோதனை
உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதற்கும் நம்மீது உரிமை உண்டு என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. ஆனால் திற்பரப்பு வட்டாரத்தில் ரப்பர் பால் வெட்டும் கூலித் தொழிலாளிக்கு, ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆரம்பத்தில் வலி காட்டுவதில்லை. கவனிக்காமல் விட்டால் இதயம், சிறுநீரகம், கண் கெடும்.

2021 ஆகஸ்ட் 5இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடுகளுக்கு வந்தது. அதன் தொடர்ச்சியான 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' 2024 முதல் வேலைத்தலங்களுக்கே வந்து இந்நோய்களைக் கண்டறிகிறது.

முதலாளிகளாக இருக்கும் நாம் பரிசோதனை நேரத்துக்குக் கூலியைப் பிடிக்கக் கூடாது. தொழிலாளர்களாக இருக்கும் நாம் மாத்திரையை இடையில் நிறுத்தக் கூடாது. நோன்புக்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அல்லாஹ் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக!