பூந்துருத்தி தந்த சீர்

வசந்த விழா என்றதும் தமிழ் கற்றோர் நினைவில் முதலில் எழுவது புகாரின் இந்திரவிழா. 28 நாள் நிகழ்ந்த அப்பழம்பெருவிழாவை இன்று மணிமேகலை போன்ற நூல்களின் வழியாகத்தான் நாம் காணவேண்டும். ஆயின், சித்திரை விசாகத்தை ஒட்டித் தஞ்சையிலிருந்து ஒரு பகலில் சென்று காணத்தக்க பூவிழா ஒன்று உண்டு. அது திருவையாற்றின் ஏழூர் விழா. சப்தஸ்தானம் என்றும் சொல்வர்.

பங்குனிப் புனர்பூசத்தன்று திருமழபாடியில் நந்தியெம்பெருமானுக்கும் சுயசாம்பிகைக்கும் திருமணம். அதற்கு ஆறு ஊர்கள் சீர் அளித்தன என்பது தலமரபு. பழனம் பழம் தந்தது; சோற்றுத்துறை சோறு; வேதிகுடி வேதியரை; கண்டியூர் அணிகலன்; நெய்த்தானம் நெய். பூந்துருத்தி தந்தது பூ. அதற்கு நன்றி கூறவே ஐயாறப்பர் மணமக்களுடன் சித்திரையில் இவ்வூர்களுக்கு எழுந்தருளுகிறார். ஊர்ப்பெயரிலிருந்தே கதை கிளைத்ததோ என ஐயுறுவதில் தவறில்லை. துருத்தி என்பது ஆற்றிடைக்குறை. வண்டல் படிந்த அத்தகைய நிலத்தில் பூ செழிப்பது கதையின்றியும் விளங்கும்.

சித்திரையில் காவிரியும் குடமுருட்டியும் மணலாய்க் கிடக்கும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரையே பாசனத்துக்குத் திறந்திருக்கும். 1934இல் அணை வருமுன்னரும் கோடையில் ஆறு வறண்டதுதான். உழவர்க்கு ஓய்வும், பல்லக்குக்கு ஆற்றில் வழியும் ஒருங்கே கிடைக்கும் பருவம் இது.

இந்நாட்டில் பூ எளிய பொருளாக இருந்ததில்லை. பல்லவர் செப்பேடுகளில் குவளைக்கும் வரி உண்டு. சோழர் பிரமதேயங்களிலோ, கிணறு தோண்டவும் மாடமாளிகை எடுக்கவும் தரப்பட்ட உரிமைகளோடு செங்கழுநீர் நடும் உரிமையும் தனியே எழுதப்பட்டது. ஒரு நீர்ப்பூவை நட அரசாணை! கோயில்களுக்கு நந்தவனப்புறமாக நிலம் விடப்பட்டது. பூப்பறிப்போரும் தொடுப்போரும் அதன் விளைவில் வாழ்ந்தனர். சோற்றுக்கும் அணிகலனுக்கும் நிகராகப் பூவைச் சீர்வரிசையில் வைத்த தலமரபில், பூ உரிமையாக எண்ணப்பட்ட அந்தக் காலத்தின் மதிப்பீடு தங்கியிருப்பதாகவே கருதுகிறோம்.

விழாவுக்குச் செல்வோர், திருவையாற்றுச் சாலையில் கண்டியூரிலேயே இறங்கி மேற்கே பூந்துருத்திக்குத் திரும்புவது நன்று. ஞானசம்பந்தரின் சிவிகையை அப்பர் தம் தோளில் தாங்கி வந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் ஊர் அது. வேறெங்கும் காணும் பல்லக்கைவிட அங்கே காணும் பல்லக்குக்குப் பொருள் மிகுதி.

நிறைவில் ஏழூர்ப் பல்லக்குகளும் திருவையாறு சேர, பொம்மை ஒன்று அவற்றின்மீது பூப்போடும். கூட்டம் அதற்காகவே காத்திருக்கும். தஞ்சைப் பூக்காரத் தெருச் சந்தையிலோ இப்போது நிலக்கோட்டைப் பூவும் வந்திறங்குகிறது.