வைஃபை: இடுகுறியா, காரணமா?

வைஃபைக்கு விரிவு கேட்டால், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் ‘வயர்லெஸ் ஃபிடிலிட்டி’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அப்படி ஒரு விரிவே கிடையாது. பள்ளி இலக்கணத்தில் படித்தோமே, அந்த இடுகுறிப்பெயர் வகை இது.

கம்பியில்லா வலைக் கருவிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று சோதித்துச் சான்று தர 1999-இல் ஒரு கூட்டமைப்பு உருவானது. தொழில்நுட்பத்தின் பெயரோ 802.11பி. கடையில் போய் இதைச் சொல்லி யார் பொருள் கேட்பார்கள்? பெயர் வைப்பதையே தொழிலாகக் கொண்ட இன்டர்பிராண்ட் நிறுவனத்தை அணுகினார்கள். இசைத்தட்டுக் காலத்து ‘ஹைஃபை’க்கு எதுகையாக ‘வைஃபை’ பிறந்தது.

ஹைஃபையில் உள்ள ஃபைக்குப் பொருள் உண்டு. ஃபிடிலிட்டி, அதாவது மூல ஒலிக்கு மாறாமல் இருப்பது. நம்பிக்கையைக் குறிக்கும் ‘ஃபிடெஸ்’ என்ற லத்தீன் சொல் அதன் வேர். (நம்மூரில் ‘அவர் ஹைஃபை ஆளு’ என்றால் பகட்டுக்காரர் என்று பொருள், ஒலிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.) வைஃபைக்கு எதுகை வந்தது, பொருள் வரவில்லை. பொருளற்ற பெயரா என்று உறுப்பினர் சிலர் சங்கடப்பட, ‘வயர்லெஸ் ஃபிடிலிட்டிக்கான தரநிலை’ என்று விளம்பர வரி ஒன்றை ஒட்டவைத்தார்கள். அது எதையும் குறிக்காது என்று கூட்டமைப்பின் நிறுவனர்களுள் ஒருவரான ஃபில் பெலாஞ்சர் 2005-இல் போட்டு உடைத்தார். வரியைக் கைவிட்ட பிறகும் விரிவு ஊரைவிட்டுப் போகவில்லை.

எண்கள் வந்தது பிற்பாடு. வண்டி நம்பரில் இசட் முடிந்து ஏஏ தொடங்குவதுபோல 802.11-இன் வால் நீண்டுகொண்டே போனது. 2018-இல் கூட்டமைப்பு அந்த வாலை வெட்டி, ஏஎக்ஸை வைஃபை 6 ஆக்கியது. அடுத்த பிஇ, வைஃபை 7. இப்போது சில போன்களில் விசிறிக் குறிக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு எண் தெரிகிறதே, அதுதான்.

இனி வரப்போகும் வைஃபை 8-தான் எனக்குச் சுவாரசியம். இதுவரை ஒவ்வொரு தலைமுறையும் வேகத்தைக் காட்டித்தான் விற்றது. எட்டில் உச்ச வேகத்தைக் கூட்டுவது நோக்கமில்லை. கூடத்து ரவுட்டரிலிருந்து மாடி ரவுட்டருக்கு நடந்தபடியே மாறும்போது வீடியோ அழைப்பு அறுந்துவிடக் கூடாது. வழியில் தொலையும் தரவு 25 சதவீதமாவது குறைய வேண்டும். இந்தப் பணிக்குத் தரநிலையை வகுப்பவர்கள் வைத்திருக்கும் தலைப்பே ‘மிகை நம்பகம்’ என்ற பொருளில்தான். விளம்பரத்துக்கு ஒட்டவைத்த ஃபிடிலிட்டி இப்போதுதான் வேலைக்குச் சேர்கிறது.

தமிழில் பெயர் வைத்தவர்கள் முதலிலேயே காரணப்பெயருக்குப் போய்விட்டார்கள். அருகு, அலை: அருகலை. புளூடூத்துக்கு ஊடு, அலை: ஊடலை. இதில் ஒரு வம்பு உண்டு. ஊடல் என்ற சொல்லோடு இரண்டாம் வேற்றுமை உருபு சேர்ந்தாலும் ஊடலைதான். பக்கத்திலேயே இருந்துகொண்டு போனோடு சேரமாட்டேன் என்று முறுக்கும் காதுக்கருவியைப் பார்க்கும்போது, இரண்டாவது பொருளையே வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.