கைவினையிலிருந்து தன்னியக்கத்திற்கு: தோட்டா மீள்நிரப்பும் பொறியின் சமூக வரலாறு

போர்க்கருவிகளின் வரலாற்றை எழுதியோரிற் பெரும்பாலார் அதனைக் கருவி ஏந்தியோரின் வரலாறாகவே எழுதியுள்ளனர். அக்கருவிகளை ஆக்கியோரும், ஆக்குவதற்குப் பயன்பட்ட பொறிகளும் அவ்வரலாற்றிலே அடிக்குறிப்புக்குரிய இடத்தைத்தானும் பெற்றிலர். பலாத்காரமே வரலாற்றின் மூலவிசை என வாதிட்ட டூரிங்கை மறுக்கப் புகுந்த ஏங்கெல்ஸ், 1878இல் நூலுருப் பெற்ற தமது மறுப்புரையிலே, படைக்கலமும் உற்பத்தி செய்யப்பட வேண்டிய பொருளே என்னும் எளிய உண்மையின்மீது தமது வாதத்தைக் கட்டியெழுப்பினார். அந்நோக்கிலே தோட்டாவை, சிறப்பாகச் சுட்டுக் கழிந்த தோட்டாக்கூட்டை வீட்டு மேசையில் வைத்து மீள நிரப்பும் சிறு அழுத்துபொறியை, ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அமெரிக்காவிலே பரவலான பொழுதுபோக்காக வளர்ந்துள்ள இப்பொறி இலங்கையில் ஏன் வேரூன்றவில்லை என்ற வினாவும் இவ்வாராய்ச்சியுள் அடங்கும்.

தோட்டா தொடக்கத்திலே காகிதச் சுருளாக இருந்தது. அளந்த வெடிமருந்தும் ஈயக்குண்டும் அதனுள் இருக்கும். படைவீரன் அதன் முனையைப் பல்லாற் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலினுட் கொட்டிக் குண்டை இடித்து இறக்குவான். 1857 சனவரியில் கல்கத்தாவுக்கு அணித்தான டம்டம் படைக்கலச்சாலையிலே நிகழ்ந்த உரையாடல் யாவரும் அறிந்ததே. தண்ணீர்ச் செம்பைத் தர மறுத்த பிராமணச் சிப்பாயிடம், கொழுப்புப் பூசிய தோட்டாவைக் கடிக்கும்போது உன் சாதி என்னாகும் என்று கேட்டவன், அச்சாலையிலே பணிபுரிந்த தாழ்த்தப்பட்ட தொழிலாளி. வரலாற்றாசிரியர் சிப்பாயின் சமய உணர்வையே பெரிதும் பேசியுள்ளனர். தோட்டா எதனால் ஆனது என்பதைச் சிப்பாய்க்கு முன்னர் அறிந்திருந்தவன் தொழிலாளியே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அவ்வாண்டு ஏப்ரலில் மீரத்திலே தோட்டாவைத் தொட மறுத்த 85 குதிரைவீரர்கள் தண்டிக்கப்பட்டதும், மே 10ஆந் திகதி அங்கு கிளர்ச்சி வெடித்தது.

பத்தாண்டு செல்லுமுன் காகிதம் போய் உலோகம் வந்தது. 1866இல் பிரித்தானியரான பொக்சரும் அமெரிக்கரான பேர்டனும், தோட்டாவின் அடியிலே தீமூட்டியைப் பொருத்தும் இருவேறு முறைகளை ஆக்கினர். பேர்டன் முறையிலே கூட்டின் அடியில் இரு சிறு துளைகள் உண்டு; பழைய தீமூட்டியை வெளியேற்றுவது கடினம். பொக்சர் முறையில் நடுவே ஒரே துளை. ஓர் ஊசியால் உள்ளிருந்து தள்ளிவிடலாம். பிரித்தானியரின் முறை அமெரிக்காவிலும், அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிலும் நிலைபெற்றமை வரலாற்றின் விநோதம். ஆயினும் அடிப்படை மாற்றம் வேறொன்று. தோட்டாவின் ஏனைய உறுப்புகள் சுட்டவுடன் அழிந்துபோக, அதன் விலையுயர்ந்த உறுப்பாகிய பித்தளைக்கூடு அழியாது எஞ்சியது. மீள்நிரப்பல் இவ்வெச்சத்திலிருந்தே பிறந்தது.

1884இல் கனெற்றிக்கட் மாநிலத்திலே ஜோன் பார்லோ நிறுவிய ஐடியல் கம்பனி, குறடு போன்ற கைக்கருவிகளை விற்றது. 1943இல் உலகப்போரின் தோட்டாப் பஞ்சத்திடையே, கலிபோர்ணியாவிலே பிரெட் ஹன்ரிங்டன் கழிந்த சிறு கூடுகளிலிருந்து குண்டுறை செய்யும் அச்சுகளை ஆக்கத் தொடங்கினார், ஆர்.சி.பி.எஸ். நிறுவனம் அவ்வாறு உருவாயிற்று. போருக்குப் பின்னர் மேசையிற் பூட்டும் நெம்புகோற் பொறி பரவியது. அதன் முதல் வடிவிலே ஒரு நேரத்தில் ஓர் அச்சே இயங்கும். கூட்டை உருத்திருத்தல், தீமூட்டி பொருத்தல், மருந்திடல், குண்டைப் பதித்தல் என்பன தனித்தனி வேலைகள். அடுத்த வடிவிலே அச்சுகள் பல ஒரே தலையிற் பூட்டப்பட்டன. மூன்றாவதிலே கூடுகளைத் தாங்கிய தட்டுச் சுழல, எல்லா அச்சுகளும் ஒருங்கே இயங்கின. நெம்புகோலின் ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு தோட்டா நிறைவுற்றது. 1970களின் பின் டில்லன் நிறுவனம் இவ்வகைப் பொறியை வீடுகளுக்குக் கொண்டுசென்றது. இவை யாவும் நிகழ்ந்த பின்னரே நெம்புகோலை இழுக்கும் கைக்குப் பதிலாக மின்மோட்டார் வந்தது.

இவ்வொழுங்கு தற்செயலானதன்று. 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதற் பாகத்திலே, பொறியை இயக்கும் உறுப்பு, விசையைக் கடத்தும் உறுப்பு, தொழிற்படும் கருவி என மார்க்ஸ் முக்கூறாக வகுத்தார். கைத்தொழிற் புரட்சி தொடங்குவது இயக்குவிசையிலன்று, கருவியிலே என்றும் நிறுவினார். தொழிலாளியின் கையிலிருந்த கருவி பொறியின் உறுப்பாகிப் பன்மடங்கானதும் மனிதன் வெறும் இயக்குவிசையாகக் குறுகுகிறான். குறுகிய பின் அவனை நீராவியோ மின்சாரமோ பெயர்த்துவிடலாம். ஆலைகளிலே பல தலைமுறைகளில் நிகழ்ந்த இம்மாற்றம் ஒரு வீட்டு மேசையின் மீது சிற்றுருவில் மீள நிகழ்ந்தமையை இங்கு அவதானிக்கலாம்.

இன்னொன்றும் கருதத்தக்கது. நெம்புகோலை இழுக்கும் கை வெறும் விசையன்று. அது உணரவும் செய்தது. கூடு நெளிந்திருந்தால், தீமூட்டி பிசகியிருந்தால், இழுப்பின் தடையைக் கொண்டே கை அதனை அறிந்து நின்றுவிடும். மோட்டார் நிற்பதில்லை. ஆகவே மருந்தின் மட்டத்தைப் பார்க்க ஓர் உணரி, கூடு இருப்பதை அறிய ஓர் உணரி, மிகை விசை ஏற்படின் இயக்கத்தைத் துண்டிக்க ஓர் ஏற்பாடு என்று கைக்கும் கண்ணுக்கும் பதிலிகள் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்படலாயின. மருந்து இரட்டித்த ஒரு தோட்டா துப்பாக்கியையும் சுடுபவனையும் சிதைக்கவல்லது. தன்னியக்கம் உழைப்பை நீக்கியதாகத் தோன்றினும், அவ்வுழைப்பினுள் மறைந்திருந்த அறிவை விலைகொடுத்து மீள வாங்க வேண்டியதாயிற்று.

இதனைக் கைவினைஞனின் மறுவருகை என மயங்குவார் உளர். வீட்டுப் பொறியின் உரிமையாளன் தனக்கு வேண்டிய தீமூட்டியையும் மருந்தையும் பேராலைகளிடமே வாங்குகிறான். 1968ஆம் ஆண்டின் அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டமும், சொந்தத் தேவைக்கு நிரப்புவோனை விட்டு, விற்பனைக்கு ஆக்குவோனிடமே அனுமதிப்பத்திரம் கோருகிறது. அவன் உற்பத்தியாளனின் கோலம் பூண்ட நுகர்வோன் எனலாம்.

இலங்கையின் நிலை வேறு. துவக்கு என்ற சொல் ஈழத்தமிழிலும் சிங்களத்திலும் ஒருங்கே வழங்குவதொன்றே, இத்தொழில்நுட்பம் இம்மண்ணிற் கொண்ட பழைமையைக் காட்டும். சிங்களக் கம்மாளர் ஆக்கிய துப்பாக்கிகளைப் போர்த்துக்கேய ஆசிரியரே வியந்து எழுதினர். கண்டி இராச்சியம் வீழ்ந்து ஆறாண்டுகளின் பின், 1821இல் வெளிவந்த தமது நூலிலே, மலைக்குகைகளில் வெடியுப்பு எடுக்கப்பட்ட முறையை ஜோன் டேவி விவரித்தார். இக்கைவினை, ஆலைத்தொழிலாக வளரும் வாய்ப்புப் பெறுமுன்னரே குடியேற்ற ஆட்சியினால் முடங்கியது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டமும், சுதந்திரத்தின் பின் வந்த 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் ஆக்கும் உரிமையை அரசின் அனுமதிக்குள் அடக்கின. தமிழர் வாழும் நீலகிரியின் அருவங்காட்டிலே 1904 முதல் தோட்டாவுக்கான கோர்டைற்று மருந்து உற்பத்தியாயிற்று. அது பேரரசின் படைக்கானது. குடியேற்ற நாட்டு உழைப்பாளி வெடிமருந்தை ஆக்கலாம், ஆள முடியாது என்பதே விதியாயிற்று.

எனினும் கையால் நிரப்பும் வழக்கம் இங்கு அற்றுப்போகவில்லை. பன்றியிடமிருந்து பயிரைக் காக்க வறள்வலயக் குடியானவன் சட்டத்துக்கு மறைவாகக் கட்டும் கட்டுத்துவக்கிலே அது எஞ்சியுள்ளது; அதில் அகப்பட்டு அங்கவீனரானோரும் குடியானவரே. 1971 ஏப்ரலிலே சிங்களக் கிராமத்து இளைஞர் வேட்டைத் துவக்குகளுடனும் கையாற் செய்த குண்டுகளுடனும் கிளர்ந்தனர். அரசுக்கோ பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா, இந்தியா, பாகிஸ்தான், சோவியத் ஒன்றியம் எனப் பகைமுகாம்கள் பலவும் படைக்கல உதவி வழங்கின. 1875இல் பேலியகொடையிலே தோன்றி 1959இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த வித்தியாலங்காரத்தின் வளாகம், கைதான இளைஞரின் தடுப்பு முகாமாயிற்று. கைவினைக்கும் பேராலைக்கும் இடையிலான போரின் முடிவு முன்னரே எழுதப்பட்டிருந்தது.

பொறி மேம்படுவது ஒன்று. அதனால் மனிதன் மேம்படுவது வேறொன்று. ஒரு நாட்டிலே கழிந்த கூடு ஓய்வுநேரத்தின் மூலப்பொருள். 2009இல் முடிவுற்ற போரின் பின், வன்னியிலே வறியோர் அதே வெற்றுக்கூட்டைப் பழைய உலோகமாகப் பொறுக்கி நிறுத்து விற்றனர். பித்தளை ஒன்றே, உறவுகளே வேறு. தொழில்நுட்ப வரலாறு எழுதப் புகுவோர் பொறியின் வேகத்தை அளப்பதோடு அமையாது, அப்பொறி யாருடைய மேசையில், யாருடைய நலனுக்காக நிற்கிறது என்பதையும் வினவுதல் வேண்டும்.