பழத்தை அப்படியே வரைஞ்ச டெபோரா அம்மா

மா ஒடிப்பு வேலை முடிஞ்சு இப்பதான் கை ஓஞ்சிருக்கு. அதான் இவ்வளவு நாள் எழுத முடியல.

எட்டு வருசத்துக்கு முன்னாடி கிணத்து மேட்டுல இருபது இமாம்பசந்த் ஒட்டுக்கன்னு வச்சேன். வாங்கின இடத்துல அட்டையில பேரெல்லாம் எழுதித்தான் கட்டிக் கொடுத்தாங்க. அஞ்சாவது வருசம் காய்ச்சப்பதான் தெரிஞ்சது, அதுல ஏழு கன்னு கல்லாமைன்னு. கல்லாமை ஒண்ணும் மோசமான காய் இல்ல, கூழ் ஆலைக்குப் போகும். ஆனா இமாம்பசந்த் விலை எங்கே, இது எங்கே? போய்க் கேட்டதுக்கு, "எங்க கன்னுதான்னு என்ன ஆதாரம்?"னு திருப்பிக் கேட்டாங்க. அட்டை என்னைக்கோ மழையில கரைஞ்சு போச்சு. பேசாம வந்துட்டேன்.

இந்தக் கதையை மகளிடம் சொல்லிப் புலம்பினப்ப, அவ போன்ல ஒரு தொகுப்பைக் காட்டினா. அமெரிக்க வேளாண்மைத் துறை வரைஞ்சு வச்ச பழப் படங்கள். மொத்தம் 7,584 படங்கள், பெரும்பாலும் நீர்வண்ண ஓவியங்கள். அதுல பாதிக்கு மேல, 3,807 படம், ஆப்பிள் மட்டும்! ராத்திரி பதினோரு மணி வரைக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அதுல பல படத்தோட அடியில ஒரே கையெழுத்து: டி.ஜி. பாஸ்மோர். யார் இவங்கன்னு தேடிப் படிச்சதைத்தான் இன்னைக்கு உங்ககிட்ட சொல்லப் போறேன்.

டெபோரா கிரிஸ்கம் பாஸ்மோர், 1840ல பென்சில்வேனியா மாநிலத்துல பிறந்தவங்க. அப்பா விவசாயி. அம்மா டீச்சர், குவேக்கர் சபையில பிரசங்கமும் செஞ்சவங்க. அஞ்சு பிள்ளைகள்ல இவங்கதான் கடைக்குட்டி. சின்ன வயசுலயே அம்மா போயிட்டாங்க. பிலடெல்பியாவுல பெண்களுக்கான ஓவியப் பள்ளியில படிச்சுட்டு, ஐரோப்பாவுக்கும் போய் ஒரு வருசம் கத்துக்கிட்டாங்க. அப்ப லண்டன் கியூ தோட்டத்துல மரியான் நார்த் வரைஞ்ச செடி கொடிப் படங்களைப் பார்த்திருக்காங்க. இந்த மரியான் நார்த் உலகம் முழுக்கத் தனியாச் சுத்தி வரைஞ்ச அம்மா. நம்ம தஞ்சாவூருக்கும் வந்து போனவங்க. அந்தப் படங்கள் டெபோரா மனசுல ஒட்டிக்கிச்சு. ஊர் திரும்பி, அமெரிக்கக் காட்டுப் பூக்களை வரைய ஆரம்பிச்சாங்க. பிழைப்புக்கு ஓவியம் சொல்லிக் கொடுத்தாங்க. 1892ல, அம்பது வயசு தாண்டின பிறகு, வேளாண்மைத் துறையில பழம் வரையற வேலைக்குச் சேர்ந்தாங்க. அம்பதுல புதுசா ஒண்ணு ஆரம்பிக்கலாமான்னு யோசிக்கிற என் வயசுக்காரங்க இதைக் கவனிக்கணும்.

சரி, அரசாங்கத்துக்கு எதுக்குங்க பழப் படம்? இங்கதான் என் கிணத்து மேட்டுக் கதை வருது. அந்தக் காலத்துல அமெரிக்காவுல பழத்தோட்டம் மளமளன்னு பெருகிச்சு. கன்னு வியாபாரமும் கூடவே பெருகிச்சு. ஒரே ஆப்பிளுக்கு ஊருக்கு ஒரு பேர். கல்லாமை, கிளிமூக்கு, பெங்களூரா, தோத்தாபுரின்னு நாம ஒரே மாங்காயைக் கூப்பிடுறோமே, அப்படித்தான். பழைய ரகத்துக்குப் புதுப் பேர் வச்சு ஏமாத்தி விக்கவும் செஞ்சாங்க. புது ரகம் கண்டுபிடிச்சவனுக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடையாது. கன்னுக்குக் காப்புரிமைச் சட்டம் அங்க வந்ததே 1930லதான். கலர் போட்டோவும் அப்ப புழக்கத்துல இல்ல. அதனால 1886ல பழங்களுக்குன்னே தனிப் பிரிவு ஆரம்பிச்சு, ஓவியர்களைச் சம்பளத்துக்கு வச்சாங்க. விவசாயிங்க தங்கள் தோட்டத்துப் பழத்தை வாஷிங்டனுக்குப் பார்சல்ல அனுப்புவாங்க. ஓவியர் அதைப் பார்த்து வரைவார். படத்துலயே ரகத்தோட பேர், அனுப்பினவர், ஊர், தேதி எல்லாம் குறிச்சு வைப்பாங்க.

பழம் ஒரு நாள் ரெண்டு நாள்ல நிறம் மாறிடும்னு நமக்குத் தெரியும். வெட்டி வச்ச ஆப்பிள் அரை மணி நேரத்துல பழுப்பாயிடும். அதுக்குள்ள முழுப் பழம் ஒண்ணு, பாதி வெட்டினது ஒண்ணுன்னு அளவு தப்பாமப் பார்த்து வரையணும். காம்புக்குழி எவ்வளவு ஆழம், தோல்ல புள்ளி எப்படி, விதை அறை எப்படின்னு எல்லாமே வேணும். ரகத்தைப் பிரிச்சுச் சொல்றது அதுதானே! பாஸ்மோர் அம்மா ஒரு படத்துக்குச் சில சமயம் நூறு தடவை வரைக்கும் மெல்லிசா வண்ணம் மேல வண்ணம் பூசுவாங்களாம். தோலோட மினுமினுப்பு அப்படியே வந்திருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, இந்தத் தொகுப்புல பழத்தை அழகுபடுத்தல. அடிபட்ட பழம், அழுகல் புடிச்ச பழம், பூச்சி அரிச்ச பழம் எல்லாத்தையும் அப்படியே வரைஞ்சு வச்சிருக்காங்க. அதைப் பார்த்து ஒரு விவசாயி, "என் மரத்துலயும் இதே நோய்தான்"னு தெரிஞ்சுக்கலாம். துறையோட ஆண்டுமலர்ல இந்தப் படங்களைக் கலர்ல அச்சடிச்சுப் போட்டாங்க. லட்சக்கணக்கான பிரதிகள் ஊர் ஊராப் போச்சு.

அங்க வரைஞ்சவங்கள்ல நிறையப் பேர் பெண்கள். அமாண்டா நியூட்டன், மேரி டெய்சி அர்னால்டு ரெண்டு பேரும் ஆளுக்கு ஆயிரம் படத்துக்கு மேல வரைஞ்சாங்க. பாஸ்மோர் அம்மாதான் அந்த ஓவியர்களுக்குத் தலைமை. 1911 ஜனவரியில, வேலையில இருக்கும்போதே காலமானாங்க. பத்தொன்பது வருசத்துல 1,500க்கும் மேல படம். மொத்தத் தொகுப்புல அஞ்சுல ஒரு பங்கு ஒரே அம்மாவோட கை. இருந்தும் அவங்க பேர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தத் தொகுப்புல மாம்பழமும் உண்டு. 1889ல அந்தத் துறை இந்தியாவுல இருந்து மா ஒட்டுக்கன்னுகளைக் கப்பல்ல வரவழைச்சு ஃபுளோரிடாவுல வச்சது. பனியில செத்தது போக ஒரு மரம் பொழைச்சு, 1898ல காய்ச்சுது. அதோட பேரை 'முல்கோபா'ன்னு எழுதினாங்க. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, நம்ம மல்கோவா காதுல விழும். அதோட கொட்டையில முளைச்சு வந்ததுதான் 'ஹேடன்'. இன்னைக்கு வெளிநாட்டு சூப்பர் மார்க்கெட்ல விக்கிற சிவப்பு மாம்பழத்துல நிறைய அந்தக் குடும்பம்தான்.

ரொம்ப வருசம் அந்தப் படங்கள் பெட்டிக்குள்ளயே கிடந்தது. கம்ப்யூட்டர்ல ஏத்தின பிறகும் நல்ல படம் வேணும்னா காசு கட்டணும்னு வச்சிருந்தாங்க. 2015ல இருந்துதான் எல்லாருக்கும் இலவசம். இப்ப அமெரிக்காவுல 'லாஸ்ட் ஆப்பிள் புராஜெக்ட்'னு ஒரு குழு, கைவிட்டுப்போன பழைய தோட்டங்கள்ல பேர் தெரியாத ஆப்பிளைப் பறிச்சு, இந்த ஓவியங்களோடயும் ஒப்பிட்டுப் பார்த்து அடையாளம் காணுறாங்க. அழிஞ்சே போச்சுன்னு நினைச்ச பத்து ரகம் திரும்பக் கிடைச்சதுன்னு 2020ல செய்தி வந்தது. வரைஞ்ச கை மண்ணாகி நூறு வருசம் ஆன பிறகும் அந்தப் படம் சாட்சி சொல்லுது பாருங்க.

எங்க தோட்டத்துல அப்பத்தா வச்ச நாட்டு மா ஒண்ணு இருந்தது. உள்ளங்கையில அடங்கற சின்னப் பழம், நாரு ஜாஸ்தி, ஆனா தேனு மாதிரி இருக்கும். அப்பத்தா அதுக்கு ஒரு பேர் சொல்லும். எனக்கு மறந்துபோச்சு. 2018ல கஜா புயல் காத்துல மரம் சாஞ்சிருச்சு. ஒரு படம் கூட எடுத்து வைக்கல. இப்ப அந்த ருசியை உங்ககிட்ட எப்படி நிரூபிப்பேன்?

நீங்க ஊருக்கு வரும்போது ஒரு வேலை செய்யுங்க. வீட்டுப் பழத்தை முழுசா ஒண்ணு, வெட்டி ஒண்ணு போட்டோ எடுங்க. கூடவே பேர், மரம் வச்சவங்க, ஊர், தேதி எல்லாத்தையும் எழுதி வையுங்க. பெரியவங்க இருக்கும்போதே கேட்டுடுங்க.

நானும் மிச்சமிருக்கிற மரங்களை எடுக்க ஆரம்பிச்சிருக்கேன். முதல் படமே அந்த ஏழு கல்லாமையோடதுதான்.