கல்நார்த் தூசியை அளந்த வரலாறு

தொழிலாளர் சுவாசிக்கும் காற்றில் எவ்வளவு தூசி உண்டு என்பது விஞ்ஞான வினா மட்டுமன்று. அவர்தம் உயிருக்கு எத்துணை ஆபத்து ஏற்கத்தக்கது எனத் தீர்மானிக்கும் வினாவுமாகும். பிரித்தானியக் கல்நார்க் கைத்தொழிலின் வரலாறு இதனைத் தெளிவாக உணர்த்துகின்றது.

அஸ்பெஸ்டஸ் எனப்படும் கல்நார் தீயில் எரியாதது; நூலாக நூற்கத்தக்கது. அதன் தூசியால் விளையும் நோயை ஆராயுமாறு 1928இல் பணிக்கப்பட்ட மருத்துவப் பரிசோதகர் மெரிவெதர் 363 தொழிலாளரைப் பரிசோதித்தார். அவர்களுள் 95 பேரின் நுரையீரல்கள் நோயினால் இறுகியிருந்தன. தொழிற்சாலைப் பரிசோதகர் பிறைஸுடன் இணைந்து அவர் எழுதிய அறிக்கை 1930இல் வெளிவந்தது. நூற்கும் பிரிவில் நோய் அரிதாகவே காணப்பட்டமையின், அப்பிரிவின் தூசிநிலையே ஏனைய பிரிவுகளுக்கும் எல்லையாகக் கொள்ளப்பட்டது. இது எண்ணால் அமைந்த அளவன்று. ஒப்புநோக்கி எழுந்த மதிப்பீடேயாகும். 1931ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் இவ்வறிக்கையின் அடியாகவே பிறந்தன.

பின்னர் கருவிகள் வந்தன. ஆயினும் கருவி ஓரிடத்தில் நிற்க, தொழிலாளரோ தூசி கிளம்பும் இடத்திற் குனிந்து வேலை செய்தனர். 1960இல் ஷேர்வுட், கிறீன்ஹல்ஜ் ஆகிய இருவரும் உடலிற் பொருத்தும் சிறு பம்பியை அறிமுகஞ் செய்தனர். அதன் பின்னரே கருவி மனிதனோடு நடக்கத் தொடங்கிற்று.

1968இல், ஒரு கன சென்ரிமீற்றர் காற்றில் இரண்டு நார்கள் என்னும் நியமம் விதந்துரைக்கப்பட்டது. ஐம்பதாண்டு உழைத்தாலும் நூற்றுக்கு ஒருவரிலேயே நுரையீரல் இறுக்கத்தின் முதற்குறிகள் தோன்றும் என்பது அதன் எதிர்பார்ப்பு. இக்கணிப்பு றொச்டேல் நகரத் தொழிற்சாலையொன்றின் 290 தொழிலாளரை ஆதாரமாகக் கொண்டது. ஆனால் அவர்கள் அன்று வேலையிலிருந்தோரே; நோயுற்று விலகியோர் கணக்கிற் சேரவில்லை. புற்றுநோயும் இக்கணிப்பிற் கருதப்படவில்லை. அதே தொழிற்சாலையில் இருபதாண்டுகளுக்கு மேல் உழைத்த 113 பேருள் பதினொருவர் நுரையீரற் புற்றுநோயால் இறந்ததை றிச்சட் டோல் 1955இலேயே வெளியிட்டிருந்தார். சாதாரணமாக எதிர்பார்க்கத்தக்க தொகை ஒன்றுக்கும் குறைவு.

பிற்கால ஆய்வுகள் நோய் கணித்ததினும் மிகுதி எனக் காட்டின. 1980களில் நியமம் இறுக்கப்பட்டது. நீலக் கல்நாரும் கபிலக் கல்நாரும் 1985இலும், வெண் கல்நார் 1999இலும் தடைசெய்யப்பட்டன.

நார்களை எண்ணிய நுணுக்குக்காட்டி பொய்யுரைக்கவில்லை. யாரை எண்ணுவது, எந்நோயைக் கருதுவது என்பனவற்றை மனிதரே தீர்மானித்தனர். வேலையை விட்டு வீடு சென்று இருமியவரையும் எண்ணும்போதே அளவை முழுமை பெறும்.