ஒலிநாடாவிலிருந்து கணினித் திரைக்கு: திருச்சிராப்பள்ளியில் இசைப்பதிவுக் கருவிகள் வந்த வழி

இசையைப் பதிவு செய்வதற்கென்று உருவான ஒவ்வொரு கருவியும், பாட்டு எப்படிப் பிறக்கிறது என்பது பற்றிய ஓர் எண்ணத்தைத் தன்னுள் கொண்டே வருகிறது. அந்த எண்ணம் பாடுகிறவரின் பழக்கத்தோடு ஒத்துப்போனால் கருவி அவர் கைக்கு அடங்குகிறது, ஒத்துப்போகாவிட்டால் அவர் கருவிக்கு அடங்கிப் போக நேர்கிறது. திருச்சிராப்பள்ளியும் அதன் தீவுப் பகுதியான ஸ்ரீரங்கமும் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக இவ்விரு நிலைகளையும் கண்டு வந்திருக்கின்றன. கணினியும் ஒலிவாங்கியும் வாங்கி வைத்துக்கொண்டு எந்த இசை மென்பொருளைத் தேர்வது என்று இன்று தயங்கி நிற்பவரின் கேள்வி புதிய கேள்வியன்று. அதே கேள்வியை இசைத்தட்டும் வானொலியும் ஒலிநாடாவும் வந்த காலங்களில் இவ்வூர்க் கலைஞர்கள் வேறு வேறு வடிவங்களில் எதிர்கொண்டார்கள்.

முதலில் இவ்வூரின் இசை எத்தகையது என்பதைக் கருத வேண்டும். ஸ்ரீரங்கம் கோயிலில் மார்கழியில் நடைபெறும் அத்யயன உற்சவத்தில், பகல் பத்து, இராப் பத்து நாட்களில், அரையர்கள் என்னும் கோயில் பாடகர்கள் தாளத்தைக் கையிலேந்திப் பாசுரங்களை இசையோடு சேவிக்கிறார்கள். கோஷ்டியாக நின்று திவ்யப் பிரபந்தம் ஓதுவோரின் வேகத்தை அந்தக் கூட்டத்தின் மூச்சே தீர்மானிக்கிறது. தியாகராஜர் ஸ்ரீரங்கப் பஞ்சரத்தினம் என்னும் ஐந்து கீர்த்தனைகளை இத்தலத்தின் மீது இயற்றினார். ரயில்வே அதிகாரியான எஃப். ஜி. நடேச ஐயர் 1914இல் திருச்சியில் தொடங்கிய ரசிக ரஞ்சன சபா, கச்சேரிக்கும் நாடகத்துக்கும் நகரத்தில் ஓர் அரங்கை ஏற்படுத்தியது. கோயிலிலும் சபாவிலும் இசையின் அலகு ஒன்றே: தொடங்கியது முதல் முடியும் வரை இடையறாமல் நிகழும் ஒரு நிகழ்த்துதல், அதன் கால அளவையும் நடையையும் பாடுகிறவரே அந்த வேளையில் தீர்மானிக்கும் ஒரு நிகழ்த்துதல்.

இந்த அலகை முதலில் வெட்டியது இசைத்தட்டு. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடங்களுக்கு மேல் ஒலி அடங்காது என்பதால், ஆலாபனை, அதாவது தாளமின்றி இராகத்தை விரித்துப் பாடும் பகுதி, சில பிடிகளாகச் சுருங்கியது. ஒரு வரியைப் பலவாறு விரித்துப் பாடும் நிரவலும், சுரங்களைக் கற்பனையாகக் கோத்துப் பாடும் விரிவான கல்பனாசுரமும் பெரும்பாலும் தட்டுக்கு வெளியே நின்றன. ரசிக ரஞ்சன சபாவின் அரிச்சந்திரா நாடகத்தில் சிறுவன் லோகிதாசனாக மேடையேறிய எம். கே. தியாகராஜ பாகவதரின் குரல் தமிழ்நாடெங்கும் பரவியது இத்தகைய தட்டுகள் வழியாகவும், 1934இல் வெளிவந்த பவளக்கொடி முதலான படங்கள் வழியாகவுமே. மேல் ஸ்தாயியில் சட்டென்று ஏறி நின்று, மூன்றே நிமிடத்தில் ஒரு முழுமையைத் தரும் அவருடைய பாணி அந்தக் கருவிக்கு இயல்பாகவே பொருந்தியது. அதே தட்டு, ஓர் இராகத்தை மெல்லமெல்ல எடுத்துக் கட்டும் வித்வான்களுக்குப் பொருந்தவில்லை என்பதற்கு அவர்கள் புலமை காரணமன்று, தட்டின் அளவே காரணம்.

1939 மே 16 அன்று அகில இந்திய வானொலியின் திருச்சிராப்பள்ளி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியபோது நிலைமை மாறியது. நாட்டுப் பிரிவினையின்போது இந்தியாவுக்குக் கிடைத்த ஆறே வானொலி நிலையங்களில், டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ ஆகியவற்றோடு திருச்சிராப்பள்ளியும் ஒன்று என்பது, மாகாணத் தலைநகரமாக இல்லாத இந்த ஊருக்குக் காவிரிக் கரை இசையால் கிடைத்த இடத்தைக் காட்டும். தொடக்க காலத்தில் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நேரடியாகவே ஒலிபரப்பாயின. கலைஞர் ஒலி புகாத அறையில் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, சுவர்க் கடிகாரத்தையும் சிவப்பு விளக்கையும் பார்த்துக்கொண்டு, ஒதுக்கப்பட்ட நேரத்துக்குள் கச்சேரியைத் தொடங்கி முடிக்க வேண்டும். பிசகினால் திருத்த இயலாது. இந்தக் கட்டுப்பாடு கடுமையானதே என்றாலும், இடையறாத நிகழ்த்துதல் என்னும் அலகை வானொலி உடைக்கவில்லை. இசைத்தட்டு விட்டுவிட்ட ஆலாபனையை வானொலி வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தது. சபாவுக்குப் போக வசதியில்லாத எத்தனையோ பேர் இராகங்களை அடையாளம் காணக் கற்றது இவ்வழியில்தான். இதனை இக்கருவி இப்பகுதிக்குச் செய்த முதன்மையான நன்மையாகக் கொள்வதில் தவறில்லை.

ஆயினும் வானொலியும் ஒரு கருவியை விலக்கி வைத்தது. 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி நிலையங்களில் ஆர்மோனியத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. லயனல் ஃபீல்டன் வானொலியின் தலைமைப் பொறுப்பில் இருந்த காலம் அது. டெல்லி நிலையத்தில் மேற்கத்திய இசைப் பிரிவைக் கவனித்த ஜான் ஃபோல்ட்ஸ் அதற்கு முன்பே ஆர்மோனியத்துக்கு எதிராக எழுதியிருந்தார். இரவீந்திரநாத் தாகூரும் அதை விரும்பவில்லை. அவர்கள் சொன்ன காரணம் இசையியல் சார்ந்தது. ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு சுரம் அசையாமல் நிற்கும். இந்திய இசையிலோ சுரம் நிற்பதைவிட அசைவதே முக்கியம். சுரத்தை அசைத்தும் இழுத்தும் பக்கத்துச் சுரங்களைத் தொட்டும் ஒலிக்கச் செய்யும் முறைக்குக் கமகம் என்று பெயர். தோடியின் காந்தாரத்தை ஆர்மோனியக் கட்டை ஒன்றில் காண முடியாது, ஏனெனில் அது ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைந்து அசைந்தே காந்தாரம் ஆகிறது. இந்த நோயறிதல் சரியானது. ஆனால் அதற்குத் தந்த மருந்து நியாயமானதன்று: தமிழ்நாட்டு நாடகக் கொட்டகைகளில் ஆர்மோனியமே தலைமை வாத்தியமாக இருந்தது, அதை வாசித்த கைகள் கட்டைகளுக்கு இடையே விரைந்தோடிக் கமகத்தின் சாயலைக் காட்டக் கற்றிருந்தன, அத்தகைய கலைஞர்களுக்கு வானொலிக் கதவு ஓர் ஆணையால் மூடப்பட்டது. 1971க்குப் பின்னரே அந்தத் தடை படிப்படியாகத் தளர்ந்தது. ஒரு கருவியின் குறையை அறிவதும், அந்தக் குறையோடு அதை ஆளக் கற்றவரை மதிப்பதும் வேறு வேறு செயல்கள் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது; இன்றைய மென்பொருள் விவாதங்களிலும் இவ்வேறுபாடு மறக்கப்படுகிறது.

சுதந்திரத்துக்குப் பின் காந்த ஒலிநாடா வந்தது. ஸ்பூல் என்று நிலையத்தார் அழைத்த வட்டில் சுற்றப்பட்ட நாடாவில் ஒரு முழுக் கச்சேரியும் பதிவானது. பிசகிய இடத்தைக் கண்டறிந்து, நாடாவைச் சவர அலகால் சாய்வாக வெட்டி, ஒட்டுநாடாவால் இணைக்க முடிந்தது. வெட்டு தவறினால் மூலமே கெட்டுவிடும் என்பதால் வெட்டுமுன் பலமுறை கேட்க வேண்டியிருந்தது. செவியைப் பயிற்றுவித்த அந்தப் பொறுமை, ஒரே விசையில் எதையும் மீட்டெடுக்கும் மென்பொருள் காலத்தில் அருகிவிட்டது.

நிலையத்துக்கு வெளியே பதிவு செய்ய விரும்பியவருக்குத் திருச்சியில் வழி குறைவு. திரைப்படத் தொழிலும் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களும் சென்னையில் குவிந்தன. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து திருச்சி வானொலிக்கு எழுதிக்கொண்டிருந்த கவிஞர் வாலி, முருகன் மீதான பாடல் ஒன்றைத் தபாலட்டையில் எழுதிப் பாடகர் டி. எம். சௌந்தரராஜனுக்கு அனுப்பினார் என்பதும், சௌந்தரராஜன் அதற்குத் தாமே மெட்டமைத்துப் பாடினார் என்பதும் பலரும் அறிந்தவை. சொல் ஊரில் பிறந்தாலும் ஒலி தலைநகரில்தான் பிறக்க முடிந்தது. பாடகர் திருச்சி லோகநாதனைப் போல ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு சுமந்தவர்கள் சென்னைக்குப் போய்ச் சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தத் தூரத்தைக் குறைத்தது கணினி. 1983இல் மிடி என்னும் பொதுமொழி உலக இசைக்கருவித் தொழிலுக்கு அறிமுகமானது. மிடி ஒலியைச் சேமிப்பதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தத்தோடு, எப்போது அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்னும் கட்டளைகளை மட்டும் சேமிக்கிறது. தமிழ்த் திரையிசையில் கணினியைப் பயன்படுத்திய தொடக்க முயற்சியாக இளையராஜாவின் புன்னகை மன்னன் (1986) குறிப்பிடப்படுகிறது. ஆயினும் இளையராஜாவின் வேலைமுறையின் மையம் தாள்: முழு வாத்தியக் குழுவுக்குமான சுரக்குறிப்பை அவர் முதலிலேயே எழுதி முடித்துவிடுகிறார், பதிவு அதன் பின் வருகிறது. 1992இல் ரோஜாவோடு அறிமுகமான ஏ. ஆர். ரகுமானின் மையமோ பதிவுக்கூடம்: கலைஞர்களைப் பலவிதமாக வாசிக்கச் செய்து பதிந்து வைத்துக்கொண்டு, பின்னர் அவற்றிலிருந்து பாடலைக் கட்டி எழுப்புகிறார். இருவருக்கும் ஒரே கருவியைக் கொடுத்தால் ஒருவருக்கு அது இடையூறாகவே இருக்கும். கருவியைத் தேர்வதற்குமுன் வேலைமுறையை அறிய வேண்டும் என்பதற்குத் தமிழர்களுக்கு இதைவிட அருகில் வேறு சான்று இல்லை.

இன்றைய மென்பொருள்களும் இவ்வாறே தத்தம் பிறப்பின் அடையாளத்தைச் சுமக்கின்றன. ஹாம்பர்க்கின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1989இல் அட்டாரி கணினிக்காக வெளியிட்ட கியூபேஸ், மிடிக் கட்டளைகளை இடமிருந்து வலமாக ஓடும் பட்டைகளாகக் காட்டியது. பகுதி பகுதியாக அமைத்துப் பாடலை நிறைவு செய்வோருக்கு அது உகந்தது. 1991இல் வந்த புரோ டூல்ஸ் ஒலிநாடாவின் வாரிசு. அதன் நோக்கம் வாசித்ததை வாசித்தபடி பதிந்து, வெட்டி இணைப்பது. பெல்ஜியத்தில் 1990களின் இறுதியில் தோன்றிய ஃப்ரூட்டிலூப்ஸ் (பின்னாளில் எஃப்எல் ஸ்டுடியோ என்று பெயர் பெற்றது) தாள அடிகளைக் கட்டங்களில் நிரப்பும் சிறு கருவியாகவே தொடங்கியது. இன்றும் அடியிலிருந்து பாட்டைத் தொடங்குகிறவருக்கே அது முதலில் வசப்படுகிறது. 2001இல் பெர்லினில் பிறந்த ஏபிள்டன் லைவ், சுழன்று சுழன்று ஒலிக்கும் சிறு துண்டுகளை மேடையிலேயே கோத்து வாசிப்பதற்காக உருவானது. 2000இல் வெளிவந்த ஆடாசிட்டி இலவசமானது, எளியது. குரலைப் பதிந்து ஒழுங்குபடுத்துவதற்கு மேல் எதிர்பார்க்காதவருக்கு அது போதும். குறைந்த விலையும் இலேசான உடலும் கொண்ட ரீப்பர் பழைய கணினியிலும் பல தடங்களைத் தாங்குகிறது.

இவற்றுள் ஸ்ரீரங்கத்துக் கோஷ்டியையோ திருச்சி வாய்ப்பாட்டுக் கச்சேரியையோ பதிவு செய்ய முனைபவருக்கு ஒலிநாடாவின் வழி வந்த மென்பொருளே பொருந்தும் என்று தயங்காமல் கூறலாம். ஆடாசிட்டி, ரீப்பர், புரோ டூல்ஸ் ஆகியவை கட்டத்தை முன்வைப்பதில்லை. பதிவு ஓடிக்கொண்டே இருக்கும், பாடுகிறவர் தம் காலப்பிரமாணத்தில், அதாவது தாம் எடுத்துக்கொண்ட சீரான வேகத்தில், செல்வார். கட்டங்களை அடிப்படையாகக் கொண்ட மென்பொருளில் ஐந்து எண்ணிக்கையுள்ள கண்டசாபுவையும் ஏழு எண்ணிக்கையுள்ள மிசிரசாபுவையும் அமைத்துவிடலாம். ஆனால் தாளமே இல்லாத ஆலாபனையையும் விருத்தத்தையும் எந்தக் கட்டத்திலும் அமர்த்த முடியாது. மாறாக, தேவாலயப் பாடலுக்கோ திருவிழா மெல்லிசைக் குழுவுக்கோ கீபோர்டில் இசையமைப்பவர், அடியையும் சுருதிக் கூட்டையும் முன்கூட்டியே அமைத்துக்கொள்பவர் என்பதால், கியூபேஸ், எஃப்எல் ஸ்டுடியோ போன்றவை அவர் கைக்கு எளிதில் வரும். கச்சேரி மரபைச் சேராதது என்று அந்த வேலையைத் தாழ்த்துவது, ஆர்மோனியத்துக்கு நேர்ந்த அநீதியை மீண்டும் செய்வதாகும்.

கமகப் பிரச்சினை மென்பொருளுக்குள்ளும் தொடர்கிறது. மிடியில் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சமமான படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சுருதியை வளைக்கும் வசதி இருந்தாலும், தொடக்கத்திலிருந்தே அது ஒரு தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் ஒருசேர வளைத்தது. ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்கும் பொதுமுறை 2018இல்தான் ஏற்கப்பட்டது. கர்நாடக இசைச் சுரக்குறிப்பை எழுதினால் கமகத்தோடு ஒலிக்கச் செய்ய வேண்டும் என்னும் நோக்கில் எம். சுப்பிரமணியன் உருவாக்கிய காயக மென்பொருள், வெளிநாட்டு நிறுவனங்கள் கருதிப் பாராத தேவையை இங்கிருந்தே நிறைவு செய்ய முயன்றது. அதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது. 1997இல் வந்த ஆட்டோடியூன் போன்ற சுருதித் திருத்திகள், அசையும் குரலை அருகிலுள்ள படிக்கு இழுத்து நிறுத்துகின்றன. பாசுரத்திலோ கீர்த்தனையிலோ அதைச் செலுத்தினால், பிழையோடு சேர்ந்து இராகமும் நீங்கிவிடும்.

மென்பொருளைத் தேர்பவர் இன்னொன்றையும் எண்ண வேண்டும்: மென்பொருளுக்கு ஆயுள் குறைவு. லாஜிக் என்னும் இசை மென்பொருளை உருவாக்கிய எமாஜிக் நிறுவனத்தை 2002இல் ஆப்பிள் நிறுவனம் வாங்கியபோது, விண்டோஸ் கணினிகளில் லாஜிக் நின்றுபோனது; 2017இல் கிப்சன் நிறுவனம் கேக்வாக் என்னும் இசை மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்தியது, மறு ஆண்டு வேறொரு நிறுவனம் வாங்கிய பிறகே அது பிழைத்தது. ஒரு மென்பொருள் நின்றால் அதன் திட்டக்கோப்பைத் திறப்பதே கடினமாகிவிடும். ஆகவே எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும், வேலை முடிந்தவுடன் ஒவ்வொரு தடத்தையும் தொடக்கம் முதல் இறுதி வரை, சுருக்கப்படாத வேவ் கோப்பாகத் தனித்தனியே எடுத்து, இரண்டு இடங்களில் சேமித்து வைக்க வேண்டும். பாடியவர் பெயர், இராகம், தாளம், சுருதிக் கட்டை, நாள், இடம் ஆகியவற்றையும் அதனோடு தமிழில் எழுதி வைக்க வேண்டும். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் பரணில் ஸ்பூலோ கேசட்டோ வைத்திருக்கும் இசைக் குடும்பங்கள், புதிய பதிவுகளைத் தொடங்கும் முன் அவற்றைக் கணினிக்கு மாற்றிவிட வேண்டும். ஈரமும் பூஞ்சையும் நாடாவை ஆண்டுதோறும் தின்றுகொண்டிருக்கின்றன.